தொட்டிப் பனைக்கு உப்பு

ஐப்பசி 9, ஞாயிறு

சென்னைக்கு வந்ததிலிருந்து பேச ஆளில்லை. எட்டாவது மாடி. எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "இன்னிக்கு என்ன கொழம்புங்க?" என்று கேட்டேன். அந்தப் பெண் சங்கிலியை எடுக்காமலே "கூரியரா?" என்றது. அதனால்தான் இந்த டைரியை எடுத்தேன். பொள்ளாச்சி உரக்கடைக்காரர் கொடுத்தது, அட்டையில் தென்னைமரம். மாசாணியம்மா, ஆரம்பிக்கிறேன், நல்லதையே எழுத வை.

என் தம்பி மகள் தேன்மொழிக்கு ஆறாம் மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. டாக்டரம்மா இந்த முறை படுத்தே கிடக்கச் சொல்லிவிட்டார். தேனுவுக்கு அம்மா இல்லை. தம்பியால் தோப்பை விட்டு வர முடியாது. எனக்கோ வீட்டில் காத்திருக்க ஒருவரும் இல்லை. வந்துவிட்டேன்.

தேனுவின் புருஷன் கௌரிசங்கர் தங்கமான மாப்பிள்ளை. சத்தமாகக்கூடப் பேசமாட்டார். வந்த அன்றே என்னை ஹாலின் மூலைக்குக் கூட்டிப்போய் ஒரு செடியைக் காட்டினார். பெரிய தொட்டியில் பாக்கு மரம் மாதிரி ஒன்று. ஆனால் ஒரே வேரிலிருந்து ஏழெட்டுத் தண்டு, ஆள் உயரத்துக்கு மேல் ஓலை. அரேகா பாம் என்றார். எனக்கு அது தொட்டிப் பனை.

"அத்தை, இதுக்கு மழத்தண்ணிதான் ஊத்தணும். பால்கனியில வாளி வச்சிருக்கேன். போர்த் தண்ணியில உப்பு இருக்கு, இதுக்கு ஆகாது."

"எங்கூர்ல தென்னைக்கு உப்பக் கூடை கூடையாக் கொட்டுவமுங்க மாப்ள. அப்பறந்தான் காயே தெரளும்."

"அது தென்னை அத்தை. இது தொட்டி. உப்பு போறதுக்கு வழி கெடையாது."

விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பார்க்க வேண்டுமாம், காய்ந்திருந்தால்தான் தண்ணீர். ஈரத்துணியால் ஓலையைத் துடைக்க வேண்டுமாம். அமாவாசைக்கு அமாவாசை ஊறவைத்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீர், அதுவும் தேநீர் நிறத்துக்கு நீர்க்கவிட்டு. எல்லாம் அவர் அம்மா சொல்லிக்கொடுத்தது. அந்த அம்மாள் பங்குனியில் இதே வீட்டில் போய்ச்சேர்ந்தார்.

ஐப்பசி 11, செவ்வாய்

போனவர்களைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது. ஆனாலும் எழுதுகிறேன். சம்பந்தி நாகரத்தினம் அம்மாளுக்கு எங்கள் பெண்ணைப் பிடிக்கவே பிடிக்காது. கல்யாணத்தில், பந்தியில் அத்தனை பேர் முன்னால், "பொள்ளாச்சித் தேங்காய்ன்னாங்க, எலுமிச்சம்பழமாட்ட இருக்குது" என்றவர். தேங்காய் எங்கள் தோப்புத் தேங்காய். நான் மறக்கவில்லை.

அந்த இரண்டு குழந்தைகளும் தங்காமல் போனது அவர் உயிரோடு இருந்தபோதுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மூலையில்தான் இந்தப் பனை நிற்கிறது. செடி என்றால் வெளிச்சத்தைப் பார்த்துச் சாயும். சன்னல் கிழக்கே இருக்கிறது. இதுவோ சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேனு படுத்திருக்கும் அறைப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஓர் ஓலை நிலைப்படி வரைக்கும் போய்விட்டது.

சாயங்காலம் மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்ததும் சட்டைகூட மாற்றாமல் அதன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஏதோ மெதுவாகச் சொன்னார். கொஞ்சம் நிறுத்தினார். பதில் கேட்கிற மாதிரி தலையை ஆட்டினார். பிறகு எழுந்து கைகால் கழுவப் போனார்.

நான் முருகா முருகா என்று அடுப்படிக்குள் போய்விட்டேன்.

ஐப்பசி 14, வெள்ளி

தேனுவுக்குத் திருஷ்டி கழித்தேன். கல்லுப்பை எடுத்துத் தலையைச் சுற்றி, துப்பச் சொல்லி, தண்ணீரில் கரைத்தேன். ஊரில் என்றால் முச்சந்தியில் ஊற்றுவோம். எட்டாவது மாடியில் முச்சந்திக்கு எங்கே போவது? பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்ற மனம் வரவில்லை. பனையின் வேரில் ஊற்றினேன்.

உப்பு உரம்தானே.

ஐப்பசி 21, வெள்ளி

திங்கட்கிழமை தொட்டியை நானே சன்னல் பக்கம் திருப்பி வைத்தேன். எந்தச் செடியையும் அவ்வப்போது திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கமாக வளரும். இன்று காலை பார்த்தால் பழையபடி அறையைப் பார்த்து நிற்கிறது.

"மாப்ள, தொட்டியத் திருப்புனீங்களா?"

"இல்லீங்களே அத்தை."

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. தேனு எழக்கூடாதவள். காற்றில்லை, மின்விசிறி ஓடவில்லை. அப்படியிருந்தும் நான் பார்க்கப் பார்க்க அந்த நிலைப்படி ஓலை தலையாட்டியது. வா வா என்று கூப்பிடுகிற மாதிரி.

திருஷ்டி கழித்தேன். ஊற்றினேன். இந்த முறை இரண்டு கை.

ஐப்பசி 24, திங்கள்

வீட்டு வேலைக்கு வரும் எஸ்தர் துடைப்பத்தோடு மூலையில் நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா இது? மண்ணு மேல வெள்ள வெள்ளயா பூத்துக்கீது?"

"உரம்."

"உரமா? நக்கிப் பாத்தா உப்பு கரிக்கிது!"

"நீ எதுக்குடி அதப் போயி நக்குன?"

"நான் எங்க நக்குனேன், வெரல்ல பட்டுச்சு, வெரலு வாய்ல பட்டுச்சு. பெரியம்மா இருந்தா கொன்னே போட்டுருக்கும் உன்ன. செடிய புள்ளயாட்டம் பாத்துச்சு."

மேல்மண்ணைக் கிளறிவிட்டேன். இப்போது தெரியவில்லை.

கார்த்திகை 4, வியாழன், அமாவாசை

மாப்பிள்ளை காலையில் குளித்து, விபூதி வைத்து, ஈரவேட்டியோடு பனைக்குப் புண்ணாக்குத் தண்ணீர் ஊற்றினார். எங்கள் வீட்டில் அமாவாசைக்குப் போனவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். அதே முகம், அதே பணிவு. புளித்த வாடை வீடு முழுக்க. மேல்மண் கிளறியிருப்பதைப் பார்த்தார். விரலால் தட்டிச் சமன்செய்தார்.

அவர் வேலைக்குப் போன கொஞ்ச நேரத்தில் தேனுவுக்கு அடிவயிற்றில் இழுத்துப் பிடித்தது. வெளுத்துப்போனாள். நான் அம்மனை வேண்டிக்கொண்டு வயிற்றில் விபூதி பூசினேன். திரும்பிப் பார்க்கிறேன், அந்த ஓலையின் நுனி நிலைப்படியைத் தாண்டி அறைக்குள் இருக்கிறது. அவள் கால்மாட்டில்.

வலி நின்றுவிட்டது. சும்மா வந்த வலிதான் என்று டாக்டரம்மா போனில் சொன்னார். அவருக்கென்ன தெரியும்.

தேனுவிடம் கேட்டேன். "ஏங்கண்ணு, அந்தச் செடியப் பாத்தா உனக்குப் பயமா இல்லையா?"

"அதுக்கு என்ன அத்தை பயம்? அழகா இருக்குது."

பாவம், ஒன்றும் அறியாதது.

கார்த்திகை 5, வெள்ளி

உப்பு வைத்தேன். கரைக்கவில்லை. அப்படியே வேரில் புதைத்தேன்.

கார்த்திகை 12, வெள்ளி

வைத்தேன்.

கார்த்திகை 18, வியாழன்

நேற்று பெரிய கார்த்திகை. பால்கனியில் வரிசையாக விளக்கு வைத்தேன். தேனு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். குழந்தை நன்றாக உதைக்கிறது என்று என் கையை எடுத்து வைத்தாள். உள்ளே ஒரு சின்னக் குதிகால் என் உள்ளங்கையை உரசிக்கொண்டு போனது. அழுதுவிட்டேன்.

ஓலை நுனிகள் எல்லாம் பழுப்பு. மஞ்சள் கீழிருந்து ஏறுகிறது. மாப்பிள்ளை கத்தரிக்கோலால் காய்ந்த நுனிகளை மட்டும் நறுக்கினார், குழந்தைக்கு நகம் வெட்டுகிற மாதிரி.

"என்னாச்சுன்னே தெரியல அத்தை. தண்ணி சரியாத்தான் ஊத்துறேன்."

"வயசாயிருச்சோ என்னமோங்க மாப்ள."

அது காயக் காய இவள் முகத்தில் வெளிச்சம் ஏறுகிறது. நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். அம்மன் இருக்கிறாள்.

மார்கழி 4, வெள்ளி

எழுத உட்கார்ந்து வெகுநேரம் ஆகிவிட்டது.

காலையில் கோலம் போட்டுவிட்டு வந்தேன். மாப்பிள்ளை மூலையில் நின்றிருந்தார். ஒவ்வொரு தண்டின் குருத்தையும் தொட்டிருக்கிறார், எல்லாம் கையோடு வந்துவிட்டன. அடி அழுகி நாற்றம். தென்னையோ பனையோ, குருத்து போனால் மரம் போனது. இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் குருத்துகளை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவர் வேலைக்குப் போகவில்லை.

நான் தேனுவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"போனது போகட்டும் சாமி. இனி உனக்கு ஒரு கொறையும் வராது."

"அத்தை, அதுல எங்க மாமியார் இருக்காங்க."

"தெரியும் கண்ணு. அதனாலதான்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டேன்.

அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ரெண்டாவது போனப்ப நான் செத்தர்லாம்னு இருந்தேன் அத்தை. அவிய தான் என்னைய விடல. அந்த மூலையில நாற்காலியப் போட்டு, நான் தூங்குற வரைக்கும் இந்தக் கதவையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. சீக்கு முத்துனப்ப அவரக் கூப்புட்டு, 'சாம்பல்ல ஒரு பிடி ஆத்துல விடாத, அந்தச் செடியில போடு. அடுத்தது வரும். அது வந்து சேர்ற வரைக்கும் நான் இங்கயே இருந்து பாத்துக்கறேன்'னாங்க. போட்டோம். அடுத்த மாசமே இது நின்னுச்சு."

நான் கேட்டேன்.

"அந்தத் தொட்டி... திரும்பித் திரும்பி நிக்குமே..."

"நாந்தான் அத்தை. பாத்ரூம் போறப்ப கால்ல தள்ளுவேன். கீழ சக்கரம் இருக்குதில்ல. அவிய அந்தப்பக்கம் பாத்துட்டு நின்னா எனக்குத் தூக்கம் வராது."

"அப்ப ஏஞ்சாமி என்கிட்ட முன்னமே சொல்லல?"

"நீங்க அவியளப் பத்தி எப்பப் பாத்தாலும் அந்தத் தேங்காக் கதையவே சொல்லுவீங்க. எப்படிச் சொல்றது?"

கதவைத் திறந்தேன். வெளியே எஸ்தர் வீடு கூட்டிக்கொண்டிருந்தாள். அவள் எதுவும் சொல்லிவிடுவாளோ என்று காது அங்கேயே இருந்தது. சொல்லவில்லை. மூலைக்கு வந்ததும் துடைப்பத்தைக் கீழே வைத்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையாலேயே காய்ந்த ஓலைகளைப் பொறுக்கினாள்.

உப்பு உரம்தான். எங்கள் தோப்பில் எல்லா மரத்துக்கும் வைக்கிறோம்.

மார்கழி 6, ஞாயிறு

மாப்பிள்ளை மரத்தையும் மண்ணையும் கோணியில் கட்டிக் கடலுக்குக் கொண்டுபோனார். கோணி வாயை நான் பிடித்துக்கொடுத்தேன். வேரெல்லாம் தொட்டியின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றிப் பின்னிக்கிடந்தது. நடுவில் எதையோ பொத்திவைத்த மாதிரி.

தரையில் வட்டமாக ஒரு தடம். எஸ்தர் தேய்த்தும் போகவில்லை.

மார்கழி 9, புதன்

ஸ்கேன். நீர் குறைந்துவிட்டதாம். குழந்தை வளர்த்தி போதவில்லையாம். நேற்று முழுக்க அசைவே இல்லை என்று தேனு இப்போதுதான் சொல்கிறாள். மரம் போன அன்றிலிருந்தே குறைந்ததாம். "கவனமாப் பாத்துக்கணும்" என்றார் டாக்டரம்மா. பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தாரே அம்மா, என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து குளித்து, அம்மன் படத்தின் முன் விளக்கேற்றி மஞ்சள் துணியில் காசு முடிந்தேன். நேர்ந்துகொண்டது இது: பிள்ளை பிறந்து சேதி வருகிற வரைக்கும் நான் வாய் திறப்பதில்லை. இந்த வீட்டுப் படி தாண்டுவதில்லை. குளிக்க, சமைக்க, அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய எழுவேன். மற்ற நேரம் அந்த மூலை. அவளுக்கு வலி கண்டுவிட்டால் அதன்பிறகு எதற்கும் எழுவதில்லை. சேதி வந்தபிறகுதான் எழுவது. தவறினால் என்னை எடுத்துக்கொள், அவளைத் தொடாதே.

தெய்வத்திடம் நிபந்தனை போடக்கூடாது என்பார்கள். போட்டுவிட்டேன்.

மார்கழி 10, வியாழன்

ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். தேனு சிரித்தாள். "எங்கத்தை பேசாம இருக்கப்போறாங்களா? டிவியில சொல்லோணும்." பிறகு நான் எங்கே ஸ்டூலைப் போட்டேன் என்று பார்த்தாள். சிரிப்பு நின்றது. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவள் கேட்கவில்லை. நான் நேர்ந்துகொண்டதில் ஒரு சௌகரியம், கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மார்கழி 17, வியாழன்

கஷ்டம். பாலுக்கும் பூவுக்கும்கூடப் பேசிப் பழகிய வாய்.

மார்கழி 22, செவ்வாய்

சன்னலைப் பார்த்து உட்கார்கிறேன், கண்ணுக்குக் கொஞ்சம் வானம் வேண்டியிருக்கிறது. கண்ணயர்ந்து விழித்தால் அறையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். ஸ்டூலில் சக்கரம் இல்லை. தேனு தூங்கிக்கொண்டிருந்தாள்.

மார்கழி 26, சனி

மாப்பிள்ளை இன்று வேலையிலிருந்து வந்து ஹாலில் கொஞ்சநேரம் நின்றார். பிறகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. "இன்னிக்கு மேனேஜர் மாறிட்டாரு. புதுசா வந்தவரு நல்லவராத்தான் தெரியறாரு. லிப்ட் மறுபடியும் ரிப்பேர்." நிறுத்தினார். நான் என்ன செய்வது? தலையை ஆட்டினேன். அவர் எழுந்து கைகால் கழுவப் போனார்.

தை 1, வியாழன்

பொங்கல். பால் பொங்கியபோது மூவரும் சேர்ந்து கூவ வேண்டும். அவர்கள் இருவரும் கூவினார்கள். குழந்தை உதைத்தது. நானே தொட்டுப் பார்த்தேன்.

தை 9, வெள்ளி

மாப்பிள்ளை தினமும் வந்து சொல்கிறார். ஒருநாள் பிந்தினால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கால் மரத்துப்போகிறது. தேனு படுக்கையிலிருந்தே, "அத்தை, தண்ணி குடிங்க" என்கிறாள். போர்த் தண்ணீர் எனக்கு இப்போது தொண்டையில் இறங்குவதில்லை. வாளியில் மிச்சமிருந்த மழைத்தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறேன்.

தை 20, செவ்வாய்

காலைப் பலகாரம் முடிந்ததும் வலி. நாளிருக்கிறது, ஆனாலும் வலிதான். மாப்பிள்ளை கார் வரவழைத்தார். தேனு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, நீங்களும் வாங்க" என்றாள். தலையை இடமும் வலமும் ஆட்டினேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் அசையவில்லை. அப்போது அவள் முகத்தைப் பார்த்திருக்கக்கூடாது.

கதவு சாத்தியாயிற்று. ஸ்டூலில் உட்கார்ந்தேன். மடியில் டைரி.

நேர்ந்துகொண்டவள் ஒன்றை யோசிக்கவில்லை. போன் அடுப்படி மேடையில் இருக்கிறது.

இப்போது அடிக்கிறது.

சேதியாக இருந்தால் நான் எழலாம். சேதி இல்லாமல் வேறு எதற்காவது இருந்தால் எழக்கூடாது. எழுந்து போய் எடுத்தால்தான் எது என்று தெரியும். அம்மா, இப்படியா மாட்டிவிடுவாய்?

நின்றுவிட்டது.

மறுபடியும். இந்த முறை விடாமல் அடிக்கிறது. மேடையில் துடித்துத் துடித்து அது ஓரத்துக்கு நகர்வது இங்கிருந்தே தெரிகிறது. கால் எழப் பார்க்கிறது. தொடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "அத்தை, வாங்க" என்று அவள் கூப்பிடுகிற மாதிரியே இருக்கிறது.

கீழே விழுந்துவிட்டது. சத்தமில்லை.

வெயில் சன்னலை விட்டு ஏறிப் போய்விட்டது. பசியில்லை. மூச்சு மட்டும் வருகிறது, போகிறது. அறைக்குள் காலிப் படுக்கை. அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தை 21, புதன்

நேற்று நடந்த மிச்சத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வெளிச்சம் குறையத் தொடங்கும்போது சாவி திரும்பும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வந்தார். சட்டையெல்லாம் கசங்கி, கண் சிவந்து. ஹாலின் நடுவில் நின்றார். விளக்கைப் போடவில்லை.

"பொண்ணுங்கத்தை. சின்னதா இருக்கு. ஆனா நல்லா இருக்கு. தேனுவும் நல்லா இருக்கா."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"நடுவுல கொழந்தைக்கு இதயத் துடிப்பு எறங்கிருச்சு. ஆப்ரேசன்னுட்டாங்க. தேனு உங்களத்தான் கேட்டா. அதான் உங்களுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தேன். நீங்க எடுக்கல. நல்லதுதான். நீங்க எடுத்திருந்தா நான் போன்லயே அழுதிருப்பேன். அப்பறம் ஒரு நர்ஸ் ஓடியாந்து, தானாத் துடிப்பு ஏறிருச்சுன்னு..."

 சுவரைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அப்படியே சரிந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கியிருக்காது.

சேதி வந்துவிட்டது. நேர்ந்தது முடிந்தது. இனி நான் பேசலாம். எத்தனை நாள் பேச்சு உள்ளே கிடக்கிறது! அம்மனுக்கு நன்றி சொல்ல வேண்டும், உப்பைப் பற்றிக்கூட ஒருவேளை சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தேன்.

"சாப்ட்டியா சாமி?"

நான் இந்த மாப்பிள்ளையை ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை. குரலும் என் குரலாக இல்லை. கனத்து, தாழ்ந்து, எங்கோ அடியிலிருந்து வந்தது.

அவர் மெதுவாகத் திரும்பினார். இருட்டில் என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது.

"அம்மா?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

"ம்" என்றேன். "எந்திரி. கைகால் கழுவிட்டு வா."